புளிப்பில் ஊறிய கரை

சேவல் கூவி ஓய்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் அந்த ஒலி வரும். கையால் அமுக்கும் ரப்பர்ப் பந்து ஹாரனின் "பொய்ங்க்... பொய்ங்க்". தென்கோவாவின் சால்சேட் வட்டத்தில், தென்னைகளுக்கு நடுவே ஓட்டு வீடுகள் தள்ளித் தள்ளி நிற்கும் ஒரு சிற்றூரில், முதல் நாள் அந்த ஒலி கேட்டுத்தான் கண்விழித்தேன். சன்னலைத் திறந்தால், பனி கலையாத செம்மண் பாதையில் ஒரு மிதிவண்டி. பின்னால் அகன்ற மூங்கில் கூடை, கூடையைப் போர்த்திய நீலத் தார்ப்பாய், அதன் இடுக்கிலிருந்து இழை இழையாக ஆவி. ரொட்டிக்காரர் வந்துவிட்டார். கொங்கணியில் அவருக்குப் போதேர் என்று பெயர்.

தார்ப்பாயை ஒரு ஓரமாக விலக்கி, கதகதவென்று ஒரு போயியை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய வட்டம். மேலே கோதுமைத் தவிட்டின் பொன்துகள், தொட்டால் விரலில் ஒட்டும். பிய்த்தால் உள்ளே ஒரு வெற்றறை. அடுப்பின் அனல் ஊதி ஊதித் திறந்த சிறு பை அது. மூக்கருகே கொண்டுபோனேன். முதலில் வறுத்த தவிட்டின் மணம், அடுத்து விறகுப் புகையின் சாயல், எல்லாவற்றுக்கும் அடியில், காது கொடுத்தால் மட்டும் கேட்கும் தம்புராச் சுருதிபோல, மெல்லிய ஒரு புளிப்பு.

அந்தப் புளிப்பின் பின்னாலேயே போனால் கோவா முழுவதையும் சுற்றி வந்துவிடலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது. 3,702 சதுர கிலோமீட்டர் பரப்பு. தமிழ்நாட்டின் சராசரி மாவட்டம் ஒன்றைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். அந்தச் சின்னஞ்சிறு கரைக்குள் புளிப்புக்கு எத்தனை குரல்கள்! கள்ளின் புளிப்பு, காடியின் புளிப்பு, கோகம் தோலின் புளிப்பு, மாங்காயின், பிலிம்பியின், முந்திரிப்பழத்தின் புளிப்பு. நம் பேச்சில் 'புளித்துப்போச்சு' என்றால் அலுத்துப்போச்சு என்று பொருள். கோவாவின் அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு அந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை. காலம் ஒரு பண்டத்தைத் தொட்டுவிட்டுப் போன தடமே புளிப்பு. அந்தத் தடத்தை இவ்வளவு அன்போடு பேணும் கைகளை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

ரொட்டியிலிருந்தே தொடங்குவோம். 1510-இல் வந்த போர்த்துகீசியர் 1961 வரை இங்கே இருந்தார்கள். கோதுமை ரொட்டியைத் தம்மோடு கொண்டுவந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் சேசு சபைத் துறவிகள் சால்சேட் மக்களுக்கு அதைச் சுடக் கற்பித்தார்கள். ஐரோப்பிய ஈஸ்ட் கிடைக்காத ஊரில் மாவை எதைக்கொண்டு எழுப்புவது? அண்ணாந்து பார்த்தால் தென்னை. அதன் கள்ளை மாவில் ஊற்றினார்கள், மாவு எழுந்தது. இன்று பல அடுமனைகளில் ஈஸ்ட் வந்துவிட்டது. ஆயினும் கோவா ரொட்டியின் பிறவிக் குணம் அந்தக் கள்ளில் ஊறியது. போர்த்துகீசியச் சொல்லான 'பாவோ' கோவாவில் 'பாவ்' ஆயிற்று. இலங்கைத் தமிழர் வாயில் 'பாண்' ஆயிற்று. ஒரே அடுப்பின் சூடு இரண்டு கரைகளில் இன்னும் ஆறவில்லை.

போதேரின் கூடைக்குள் எட்டிப் பார்ப்பது ஒரு நகைப்பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பது போன்றது. மெத்தென்ற சதுரமான பாவ். விரலால் தட்டினால் டொக்கென்று ஒலிக்கும், மேலே ஒரு கீறல் விழுந்த உருண்டை உண்டோ. கத்தரிக்கோலால் வெட்டி வண்ணத்துப்பூச்சிபோல் விரித்த காத்ரேச்சோ பாவ். வளையல் வடிவில் முறுகச் சுட்ட காங்கொண். கொங்கணியில் அந்தச் சொல்லுக்கே வளையல் என்றுதான் பொருள். அதைத் தேநீரில் தோய்த்தால், முறுகல் தளர்கிற அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதற்குள் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கணம் தெரியும். எனக்கு அது பிடிபட மூன்று நாள் ஆயிற்று.

இனி அந்தக் கள்ளுக்கு வருவோம். தேரிக்காட்டுப் பனையேறிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தென்னையில் ஏறும் ரெந்தேரைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருந்தது. ரெந்தேர் என்றால் கள் இறக்குபவர். இடுப்பில் பாளைக்கத்தி, தோளில் காய்ந்த சுரைக்குடுவை. தண்டில் வெட்டிய படிகளில் கால் பெருவிரல் மட்டும் பதிய அவர் ஏறுவதில் அவசரமே இல்லை. காலையும் மாலையும் இறக்குவதற்கு, நண்பகலில் பாளை சீவுவதற்கு என்று ஒரே மரத்தை ஒரு நாளில் மூன்று முறை போய்ப் பார்க்கிறார். சீவும் அழகை அருகிருந்து பார்க்க வேண்டும். வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒரு சீவல். அதற்குமேல் ஒரு மயிரிழை கூடப் பாளை வீணாகக் கூடாது. கத்தி எடுத்த இடத்தில் முத்துப்போல் ஒரு துளி திரண்டு, தயங்கி, பிறகு கலயத்துக்குள் விழும்.

கொங்கணியில் அதற்குச் சூர் என்று பெயர். ஒரே பாளை, ஒரே நீர். அதை எந்த நேரத்தில் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதற்கு எத்தனை வாழ்க்கை! புளிக்குமுன் காய்ச்சினால் கருவெல்லம். புளித்ததும் மாவில் ஊற்றினால் ரொட்டியும் சன்னாவும். காய்ச்சி வடித்தால் தென்னை ஃபெனி எனும் சாராயம். வாரக்கணக்கில் ஜாடியில் விட்டுவிட்டால் காடி. நம் உடன்குடிக் கருப்பட்டி சிரட்டையில் வார்த்த வட்டமாக வரும். கோவாவின் தென்னங்கருவெல்லம் சிறு கோபுரம்போல் கூம்பு வடிவில் வருகிறது. கறுத்து, கசிந்து, கடலோரத்து உப்பு லேசாகக் கலந்தாற்போல் ஒரு சுவை. விண்டு வாயில் போட்டால், இனிப்புக்குப் பின்னால் புகையின் கசப்பும் ஒரு துளி வந்து நிற்கும்.

சன்னாவை இட்லியின் தங்கை என்பேன். அரிசியும் தேங்காயும் அரைத்த மாவில் சூர் ஊற்றிப் பொங்கவிட்டு, சிறு கிண்ணங்களில் வேகவைக்கிறார்கள். வெண்மை இட்லியின் வெண்மைதான், ஆனால் உள்ளே நுண்துளைகள் அதிகம். விரலால் அழுத்தினால் குழிந்து, எடுத்ததும் தானே எழும். அந்த நுண்துளைகள் குழம்பு குடிப்பதற்கென்றே அமைந்தவை. இட்லி சட்னியைத் தொட்டுக்கொள்ளும். சன்னா குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கள்ளின் புளிப்பு.

நண்பகல் ஆனால் எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே மணம் கிளம்பும். ஷித்-கொடி. சோறும் குழம்பும் என்பதுதான் பொருள். வேறு அலங்காரப் பெயர் எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. கடல்நீர் ஏறும் தாழ்நிலங்களைக் கரை கட்டியும் மதகு வைத்தும் மீட்ட வயல்களுக்குக் கோவாவில் கஸான் என்று பெயர். உப்பைப் பொறுத்துக்கொள்ளும் கோர்குட் நெல் அங்கே விளைகிறது. புழுக்கிக் குத்திய சிவப்பரிசி, பருத்த மணி, மெல்லும்போது லேசான எதிர்ப்பு. அதன்மேல் ஊற்றும் குழம்பு பொன்னும் செம்மையும் கலந்த நிறம். தேங்காய், கொத்தமல்லி விதை, மஞ்சள், வற்றல் மிளகாய் எல்லாம் ரொக்டோ எனும் ஆட்டுக்கல்லில் மசிய மசிய அரைபடும். நான் தங்கியிருந்த வீட்டு ஆண்ட்டி, அரைத்த விழுதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். ஒரு மணல் அளவு நெருடினாலும் குழவி இன்னும் பத்துச் சுற்று சுற்றும். என் அப்பத்தா கண்மைக்குச் சொல்லும் சொல்லை அந்த விழுதுக்குச் சொல்லலாம்: பட்டு.

அயலை மீன் குழம்பென்றால் அதில் தெஃப்ளா விழும். மிளகைவிடப் பெரிய, சுருக்கம் விழுந்த, பழுப்பும் பச்சையுமான ஒரு காட்டுக்காய். காயும்போது சின்னக் கிளியின் வாய்போலப் பிளக்கும். உள்ளிருக்கும் கறுப்பு விதையைத் தள்ளிவிட்டுத் தோட்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சீனச் சமையலில் நாக்கை மரக்கவைக்கும் சிச்சுவான் மிளகுக்கு இது உறவு. ஐந்தாறு தோடுகளை இலேசாக நசுக்கி உப்புநீரோடு குழம்பில் போட்டு மூடுவார் ஆண்ட்டி. மூடியைத் திறந்தால் எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய மணம், மழை பெய்த காட்டின் மணம். உண்ணும்போது தோட்டை ஒதுக்கிவிட வேண்டும். அது தரவேண்டியதையெல்லாம் ஏற்கெனவே தந்துவிட்டது. நாக்கு நுனியில் மட்டும் ஒரு மின்மினி அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருக்கும்.

முதல் நாள் நான் மூன்றாம் முறை குழம்புக்குக் கை நீட்டியபோது, ஆண்ட்டி அகப்பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "கொஞ்சம் சட்டியில இருக்கட்டும் பாபா. இன்னைக்கு இது வெறும் குழம்பு. நாளைக்குத்தான் ருசி வரும்." சொல்லிவிட்டுச் சட்டியை மூடி, அணைந்த அடுப்பின் மேலேயே வைத்தார். அதன் பொருள் எனக்கு மறுநாள்தான் விளங்கியது.

அந்தக் குழம்புக்குப் புளிப்புத் தந்தது கோகம். நம் தென்கோடியில் மீன் குழம்பில் போடும் குடம்புளிக்கு உடன்பிறந்த மரம். மழை தொடங்குமுன், ஏப்ரல் மே மாதங்களில், கருநாவல் நிறத்தில் உருண்டை உருண்டையாகப் பழுக்கும். பழத்தைப் பிளந்து, விதையும் சதையும் நீக்கி, தோலை மட்டும் வெயிலில் காயவைப்பார்கள். அங்கேதான் கைத்திறன். காயும் தோலை அதே பழத்தின் சாற்றில், உப்புச் சேர்த்து, மறுபடி ஊறவைப்பார்கள். மறுபடி வெயில், மறுபடி சாறு. தன் சாற்றையே தான் குடித்துக் குடித்து அந்தத் தோல் கறுக்கும், சுருளும், தோற்பைபோல் பதமாகும். முதல் மழை வருமுன் முடிந்தாக வேண்டிய வேலை. அப்படி முற்றிய தோலுக்குச் சோலாம் என்று பெயர்.

ஒரு சோலாம் துண்டை வெள்ளைக் கிண்ணத்து நீரில் போட்டுப் பாருங்கள். சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு தோலின் விளிம்பிலிருந்து ஒரு சிவப்பு நூல் இறங்கும். இன்னொன்று. நீர் அசையாமல் இருந்தால் அந்த நூல்கள் நெளிந்து நெளிந்து அடியில் போய்ப் படியும், புடவைத் தலைப்பைச் சாயத்தில் தோய்த்தாற்போல. அரைமணியில் கிண்ணம் முழுக்க மாதுளை நிறம். எந்த வண்ணப்பொடியும் இந்த நிறத்துக்கு ஈடாகாது. இதில் உள்ளிருந்து வரும் ஒளி இருக்கிறது.

அந்தச் செந்நீரில் முதல் தேங்காய்ப்பால் கலந்தால் சோல்கடி. சிவப்பும் வெண்மையும் சேர்ந்து இளந்தாமரை நிறம் ஆகும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. நசுக்கிய பூண்டு ஒரு பல், பச்சை மிளகாய் ஒன்று, உப்பு, மேலே நறுக்கிய கொத்தமல்லித்தழை. மீன் வறுவல் சாப்பிட்ட வாய்க்கு அது செய்யும் பணிவிடை சொல்லில் அடங்காது. புளிப்பு நாக்கைக் கழுவும், தேங்காய்ப்பால் துடைத்துவிடும், பூண்டு கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். தேங்காய்ப்பால் சேர்க்காமல் தெளிந்த நீராகவே தாளித்துப் பருகுவோரும் உண்டு. வெயில் கொளுத்தும் நாளில் எனக்கு அந்தத் தெளிவுதான் பிடித்தது. கோகம் விதையும் வீணாவதில்லை. அதிலிருந்து எடுக்கும் நெய் அறைச்சூட்டில் கட்டியாக உறையும்; பாதவெடிப்புக்குத் தடவ வீடுதோறும் ஓர் உருண்டை இருக்கும்.

மழைக்காலக் கோவா வேறொரு கோவா. மேற்குக் கரையில் சூன் 1 முதல் சூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகும் பருவம் அது. அதற்கு முன்பே வீடுகள் புருமெந்த் சேர்க்கத் தொடங்கும். 'சேமிப்புப் பண்டம்' என்ற பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லின் கொங்கணிப் பிள்ளை இது. மே மாதக் கடைசியில் இதற்கென்றே சந்தைகள் கூடும். மட்காவ் ஊரில் வற்றல் மிளகாய் மலைபோல் குவிந்திருக்கும். பக்கத்தில் கருவாடு, உலர்ந்த சென்னாக்கூனி, சோலாம், பூண்டுச் சரங்கள். மழை கொட்டும் மதியத்தில், வறுத்த கூனியைத் தேங்காய்த் துருவலோடும் வெங்காயத்தோடும் பிசைந்து ஒரு சொட்டுப் புளி விட்டால் கிஸ்மூர். காய்ந்த அயலையைக் காடியிலும் மிளகாயிலும் ஊறப்போட்டால் பாரா எனும் ஊறுகாய். வெளியே வானம் ஒழுகிக்கொண்டிருக்க, உள்ளே தட்டில் கோடைவெயில் மொறுமொறுக்கும்.

காடி என்றேன். நம் வழக்கிலிருந்து மெல்ல நழுவிவரும் நல்ல சொல். இலங்கைத் தமிழர் வினாகிரி என்கிறார்கள். அதுவும் போர்த்துகீசிய வரவுதான். கோவாவின் தென்னங்காடி கலங்கிய வைக்கோல் நிறம். கடைப் புட்டிக் காடிபோல் மூக்கில் குத்தாது. ஒரு வட்டம் சுற்றிவிட்டு, மெதுவாக நாக்கின் இரு ஓரங்களிலும் வந்து அமரும். கப்பலோட்டிகள் பன்றியிறைச்சியை ஒயினிலும் பூண்டிலும் ஊறவைத்துப் பீப்பாயில் அடைத்துக் கொண்டுவந்த பழக்கம், 'வின்யா தாலியோஸ்' என்ற பெயரோடு இங்கே கரையிறங்கியது. ஒயின் இருந்த இடத்தைத் தென்னங்காடி ஏற்றது. அமெரிக்காவிலிருந்து அதே கப்பல்கள் கொணர்ந்த மிளகாய் அதற்குச் சிவப்புத் தந்தது. சீரகம், மிளகு, பட்டை, கிராம்பு எல்லாம் காடியிலேயே அரைபட்டன. தண்ணீருக்கு அங்கே வேலையில்லை. பெயர் சுருங்கி விந்தாலோ ஆயிற்று. அதன் கடைசி அசைகளில் ஒளிந்திருப்பது பூண்டைக் குறிக்கும் சொல், உருளைக்கிழங்கைக் குறிக்கும் இந்திச் சொல்லான 'ஆலூ' அல்ல. அதனால்தான் கோவா வீட்டுச் சட்டியில் உருளைக்கிழங்கு இராது.

மாப்சா ஊரின் வெள்ளிக்கிழமைச் சந்தையில், கூரைவிளிம்பிலிருந்து செம்மணி மாலைகள் தொங்குவதைப் பார்க்கலாம். அவை ஷோரிஸ். காடியிலும் மிளகாயிலும் பூண்டிலும் ஊறிய இறைச்சித் துண்டுகளைக் குடலில் அடைத்து, இடையிடையே நூலால் முடிந்து, வெயிலிலும் புகையிலும் உலர்த்தியவை. செபமாலைபோல் சின்னஞ்சிறு மணிகளாகக் கோத்த வகைக்கு அழகு அதிகம். வெங்காயத்தோடு வதக்கும்போது அதிலிருந்து கசியும் செம்மஞ்சள் எண்ணெய் இருக்கிறதே, அதைத் துடைக்கப் பிறந்தது பாவ். இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்தே இருந்தவர்கள் என்று தோன்றும்.

திருமண வீடுகளிலும் கிறிஸ்துமஸ் பண்டிகையிலும் சொர்ப்போத்தெல் வைப்பார்கள். இறைச்சியையும் ஈரலையும் சுண்டுவிரல் நக அளவு சதுரங்களாக நறுக்குவதில் அரைநாள் போய்விடும். அத்தனை சதுரங்களும் ஒரே அளவு. காடியில் கொதித்த அந்தக் குழம்பை விருந்து நாளுக்கு முன்பே செய்து, தினம் ஒருமுறை சூடாக்கி வைப்பார்கள். மூன்றாம் நாள் அதன் காரம் அடங்கும், நான்காம் நாள் காடி உருண்டு திரளும். ஆறப்போட்டால் ஆழம் கூடும் என்ற அறிவு கோவாவின் பாத்திரங்களுக்கு மனப்பாடம்.

மார்ச் வந்தால் குன்றுகள் வேறுவிதமாக மணக்கும். பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்து நட்ட முந்திரி, கோவாவின் செம்புரைச் சரிவுகளைத் தன் வீடாக்கிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் கொல்லாம்பழம் என்போம். கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தை ஆட்டுக்குப் போடுவோம். கோவாவில் பழத்துக்குத்தான் முதல் மரியாதை. மரத்திலிருந்து பறிப்பதில்லை. தானாக விழுந்ததை மட்டுமே பொறுக்குவார்கள், ஏனென்றால் முழுதும் கனிந்த பழத்துக்குத்தான் விழத் தெரியும். காலை வெயிலில் கூடையோடு குனிந்து குனிந்து பொறுக்கும் பெண்களைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள் கிடக்கும் காட்சி, யாரோ குன்றின்மேல் விளக்குகளைக் கொட்டிவிட்டாற்போல இருந்தது.

பாறையில் குடைந்த தொட்டியில் பழங்களை மிதித்துச் சாறெடுப்பார்கள். எஞ்சிய சக்கையைக் குவித்து, கொடியால் சுற்றிக் கட்டி, மேலே பாரமான கல்லை ஏற்றி விட்டுவிடுவார்கள். யாரும் அமுக்காமல், தானாக, துளித்துளியாக ஒரு தெளிந்த சாறு இரவெல்லாம் வடியும். அதற்கு நீரோ என்று பெயர். அன்றே குடிக்க வேண்டும். முந்திரிப்பழத்தின் தொண்டை பிடிக்கும் துவர்ப்பு அதில் அடங்கியிருக்கும்; இனிப்பு இளநீர்போல் இலேசாகியிருக்கும். ஒரு மிடறு விழுங்கினால் மார்ச் மாதமே தொண்டைக்குள் இறங்கும்.

மிதித்த சாற்றை மூன்று நாள் போல் புளிக்கவிட்டு, செப்புப் பானையில் விறகுத் தீ மூட்டி வடித்தால் ஊராக். மென்மையானது, பழவாசம் மாறாதது, வேனில் முடிந்தால் கிடைக்காதது. எலுமிச்சை பிழிந்து, பச்சை மிளகாயைக் கீறிப்போட்டு, ஓர் உப்புக்கல்லோடு அருந்துவது ஊர் வழக்கம். ஊராக்கைப் புளித்த சாற்றோடு கலந்து மறுபடி வடித்தால் ஃபெனி, சுமார் 42 விழுக்காடு வீரியம். பெயரே நுரையிலிருந்து வந்தது. கொங்கணியில் ஃபேண் என்றால் நுரை, வடசொல் வழியே நம் நிகண்டுகளிலும் 'பேனம்' நுரையைக் குறிக்கும். வடிப்பவர் ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு உயரத்திலிருந்து ஊற்றி, விளிம்பில் கோக்கும் குமிழ்களின் அளவையும் அவை நிற்கும் நேரத்தையும் பார்ப்பார். அந்தக் கண்ணுக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. 2009-இல் முந்திரி ஃபெனி புவிசார் குறியீடு பெற்றது. அந்த மரியாதை, நுரையைப் படிக்கத் தெரிந்த அந்தக் கண்களுக்கும் சேரும்.

இத்தனை புளிப்புக்கு நடுவே கோவாவின் இனிப்பு மிக மென்குரலில் பேசுகிறது. ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்பு விழா. அன்று கத்தோலிக்க வீடுகளில் பாத்தொளியோ அவியும். ஆவணியை ஒட்டிய நாகபஞ்சமியில் இந்து வீடுகளிலும் அதே ஆவி. மழையில் தளதளத்து வளர்ந்த மஞ்சள் இலையின் மேல் அரிசி விழுதை மெல்லப் பூசி, நடுவே தேங்காய்த் துருவலும் தென்னங்கருவெல்லமும் வைத்து, இலையோடு மடித்து வேகவைக்கிறார்கள். நம் கொழுக்கட்டைக்கு மிக நெருங்கிய சொந்தம். வெந்ததும் இலையை உரிக்கும் கணத்துக்காகவே அதை உண்ணலாம். இலை விலக விலக, அதன் நரம்புகள் ஒவ்வொன்றும் வெண்மாவின் மேல் வரிவரியாகப் பதிந்திருக்கும். அச்சு தேவைப்படாத சிற்பம். மஞ்சள் இலையின் மணம் அரிசிக்குள் புகுந்து, வெல்லத்தின் கருமையைத் தொட்டு நிற்கும்.

பெபிங்கா இன்னொரு தவம். தேங்காய்ப்பால், முட்டை மஞ்சட்கரு, சர்க்கரை, மாவு, நெய், கொஞ்சம் சாதிக்காய். ஒரு கரண்டி ஊற்றி, சட்டியின் மூடிமேல் தென்னந்தொண்டுக் கங்கைப் பரப்பி, மேலிருந்து வரும் சூட்டில் வாட்ட வேண்டும். அது சிவந்த பிறகு நெய் தடவி அடுத்த கரண்டி. மரபுக்கு ஏழடுக்கு, பதினாறு வரை போவோரும் உண்டு. ஏழு முறை மூடியைத் திறந்து, ஏழு முறை கங்கைத் தட்டி, ஒரு பிற்பகல் முழுக்க அடுப்பை விட்டு நகராத பொறுமை அதற்கு வேண்டும். துண்டு போட்டால் விளிம்பில் தேன்நிறமும் காப்பிநிறமும் மாறி மாறி, மரத்தின் வயது வளையங்கள்போல் தெரியும். 2023-இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. சிலர் ஒவ்வோர் அடுக்காக உரித்து உண்பார்கள். செய்த பொறுமைக்குத் தின்பவர் செலுத்தும் பதில் மரியாதை என்று அதை எடுத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் தட்டில் பெபிங்காவுக்குப் பக்கத்தில் தொதோல் இருக்கும். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருவெல்லமும் கிண்டிக் கிண்டிக் கறுத்து மின்னும் அந்த வில்லையைத் தொட்டதுமே கீழக்கரை நினைவு வந்தது. அங்கே அது தொதல். கடல் வழியாகப் பயணம் செய்த இனிப்பு. எந்தக் கரையில் இறங்கினாலும் தேங்காயையும் வெல்லத்தையும் அடையாளம் கண்டுகொண்டது.

மறுநாள் காலைக்கு வருகிறேன். பத்து மணி இருக்கும். முந்தைய நாள் மூடி வைத்த சட்டியை ஆண்ட்டி திறந்து, சிறு தீயில் வைத்தார். தண்ணீர் விடவில்லை, எதுவும் சேர்க்கவில்லை. குழம்பு முணுமுணுத்து, சுண்டி, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து, சட்டியோடு சட்டியாகத் திரண்டது. அதற்குக் கால்சி கொடி என்று பெயர், நேற்றைய குழம்பு. அயலையின் சதைக்குள் சோலாம் இரவெல்லாம் நடந்து போயிருந்தது. தெஃப்ளாவின் மின்மினி அடங்கி, வாசமாக மட்டும் மிஞ்சியிருந்தது. தேங்காயின் இனிப்பும் மிளகாயின் உறைப்பும் இனித் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தன. பக்கத்தில் சிவப்பரிசிக் கஞ்சி, கொங்கணியில் பேஜ், மேலே ஆவியில்லை, இளஞ்சூடு மட்டும். ஒரு வாய் கஞ்சி, விரல்நுனியில் ஒரு தொட்டல் குழம்பு.

ஆண்ட்டி எதிரே முக்காலியில் அமர்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று அகப்பையை ஏன் இழுத்துக்கொண்டார் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. கஞ்சி தீர்ந்தது. சட்டியின் அடியில் கருஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது அரை அகப்பை. அவர் எழுந்து, காலையில் போதேர் தந்த போயியில் பாதியைப் பிய்த்து, சட்டியோடு சேர்த்து என் பக்கம் நகர்த்தினார்.